வாசித்தவர்களின் பெயரைப் போடுங்கள்

இசைச் செயலி நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கும், பழைய ஜாஸ் பதிவுகளின் உரிமையைக் கையில் வைத்திருக்கும் இசைத்தட்டு நிறுவனத்தாருக்கும்,

வணக்கம்.

மாதம் தவறாமல் சந்தா கட்டிக் கேட்கிறவன் நான். அதிகம் கேட்பது 1940களிலிருந்து 60கள் வரையிலான அமெரிக்க ஜாஸ். ஒரு காலத்தில் இந்தத் தட்டுகளில் ஒன்றைக் கேட்க வேண்டுமென்றால் வெளிநாட்டிலிருந்து வருகிற யாரிடமாவது சொல்லிவைத்துக் காத்திருக்க வேண்டும். இன்று பேருந்தில் உட்கார்ந்தபடி எதையும் கேட்கலாம். அதற்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் குறைக்கு வருகிறேன்.

பாட்டைக் கொடுக்கிறீர்கள், வாசித்தவர் யார் என்று சொல்வதில்லை. அட்டையில் பெரிய எழுத்தில் இருக்கும் ஒரு பெயர், அதோடு சரி. பேஸ் (அடிச்சுரம் வாசிக்கும் பெரிய நரம்பு வாத்தியம்) யார், டிரம்ஸ் யார், நடுவில் வந்து ஒரு நிமிடம் உருக்கிவிட்டுப் போன அந்த ட்ரம்பெட் யார் என்று தேடினால் பல பதிவுகளில் ஒன்றுமே கிடைப்பதில்லை. சிலவற்றில் ‘கிரெடிட்ஸ்’ என்று ஒரு மூலை இருக்கிறது. திறந்தால் பாட்டை எழுதியவர் இருப்பார், தயாரிப்பாளர் இருப்பார், வாசித்தவர்கள் இருக்கமாட்டார்கள்.

எழுபது எண்பது வயதுவரை வாழ்ந்த கலைஞருக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை. அவர் பெயரிலேயே பத்து இருபது ஆல்பம் இருக்கும். 23 வயதிலும் 25 வயதிலும் போய்விட்டவர்களின் கதை வேறு. ஜாஸில் ஒரு இளைஞர் முதலில் இன்னொருவரின் குழுவில் பக்கவாத்தியமாகத்தான் சேருவார். சில வருடம் கழித்துத்தான் தன் பெயரில் தட்டு வரும். அந்தச் சில வருடம் கிடைக்காதவர்களின் மொத்த வாழ்க்கையும் அடுத்தவர் பெயர் போட்ட தட்டுகளுக்குள்தான் இருக்கிறது. பக்கவாத்தியத்தின் பெயரை எடுத்துவிட்டால் அவர்கள் வாழ்ந்ததற்கே அடையாளம் இல்லை. இந்த மடல் அவர்களுக்காக.

சார்லி கிறிஸ்டியனைப் பாருங்கள். ஓக்லஹோமா சிட்டியில் வளர்ந்தவர். 1939 ஆகஸ்டில் கிளாரினெட் கலைஞர் பென்னி குட்மனின் குழுவில் சேர்ந்தார். அதுவரை தாளத்துக்குத் துணையாக இருந்த கிட்டாரை மின்சாரத்தில் இணைத்து, சாக்ஸஃபோனுக்குச் சமமாகத் தனியாவர்த்தனம் செய்ய வைத்தார். இரண்டே வருடம். 1941ல் காசநோய் முற்றி நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் இருந்த சானடோரியத்துக்குப் போனவர் திரும்பவில்லை. 1942 மார்ச் 2ஆம் தேதி இறந்தபோது வயது 25. அவர் தலைமையில் ஒரு ஸ்டுடியோ பதிவுகூட நடந்ததில்லை. பெரும்பாலானவை குட்மன் பெயரில்தான். குழு வேலை முடிந்ததும் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் இருந்த மிண்டன்ஸ் என்ற கிளப்புக்குப் போய் விடியவிடிய வாசிப்பாராம். ஜெர்ரி நியூமன் என்ற கல்லூரி மாணவர், தட்டில் நேராகப் பதியும் கருவியை அங்கே தூக்கிக்கொண்டு போய் அவர் வாசிப்பில் கொஞ்சத்தைப் பதிந்து வைத்தார். அந்தப் பையனுக்கு இருந்த அக்கறையைத்தான் உங்களிடம் கேட்கிறேன்.

அதே 1942 ஜூலையில், அதே காசநோயில், கலிஃபோர்னியாவில் ஜிம்மி பிளான்டன் போனார். வயது 23. டியூக் எலிங்டனின் குழுவில் பேஸ் வாசித்தவர். அவருக்கு முன்னால் பேஸ் வாசிப்பது என்றால் பெரும்பாலும் பின்னால் நின்று தாளத்தைத் தாங்குவதுதான். 1940ல் பதிவான ‘ஜாக் த பேர்’ என்ற பாட்டைக் கேளுங்கள். இத்தனை பெரிய குழு ஒதுங்கி வழிவிட, பேஸ் முன்னால் வந்து பேசும். எலிங்டனின் அந்த இரண்டு மூன்று வருடக் குழுவை ஜாஸ் ரசிகர்கள் இன்றும் பிளான்டன்-வெப்ஸ்டர் குழு என்றே சொல்கிறார்கள். பிளான்டன் பேஸ், பென் வெப்ஸ்டர் டெனர் சாக்ஸ். ஒரு காலகட்டத்துக்கே பெயர் கொடுத்தவரை அந்தப் பாட்டின் பக்கத்தில் தேடினால் நான் பயன்படுத்தும் செயலியில் இல்லை. காசநோய்க்கு முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது 1943ல். இவர்கள் இருவரும் ஒரு வருடம் முந்திவிட்டார்கள்.

மருந்து வந்த பிறகும் காசநோய் விடவில்லை. பேஸ் வாசித்த பால் சேம்பர்ஸ் 1969 ஜனவரியில் அந்த நோயில்தான் இறந்தார், 33 வயதில். ஜாஸ் பக்கமே போகாதவர்கள்கூடக் கேட்டிருக்கக்கூடிய தட்டு மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’. அதன் முதல் பாட்டு ‘ஸோ வாட்’ பியானோவும் பேஸுமாகத் தொடங்கும். மற்றவர்கள் காத்திருக்க, பேஸ் ஒரு வரி கேட்கும், பியானோ இரண்டு அடியில் பதில் சொல்லும். அடுத்த வரியை பேஸ் கேட்கும். அந்தப் பாட்டின் மெட்டே பேஸில்தான் இருக்கிறது. 1959 மார்ச் 2ஆம் தேதி அதை வாசித்த சேம்பர்ஸுக்கு வயது 23. அந்தத் தட்டின் இரண்டாவது பதிவு நடந்த ஏப்ரல் 22 அவருடைய 24ஆவது பிறந்தநாள். அந்தத் தட்டில் சாக்ஸஃபோன் வாசித்த ஜான் கோல்ட்ரேன் அதே வருடம் அவர் பெயரின் முதலெழுத்துகளை வைத்து ‘மிஸ்டர் பி.சி.’ என்று ஒரு பாட்டே செய்தார். கூட வாசித்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, அவர் யார் என்று. அந்தத் தட்டில் வாசித்த ஏழு பேரில் நான்கு பேர் ஐம்பதைத் தொடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்: சேம்பர்ஸ் 33, வின்டன் கெல்லி 39, கோல்ட்ரேன் 40, கேனன்பால் ஆடர்லி 46.

இப்போது 1956 ஜூனின் கடைசி வாரத்துக்கு வாருங்கள். ஜூன் 22ஆம் தேதி நியூஜெர்சியின் ஹாக்கன்ஸாக்கில் சாக்ஸஃபோன் கலைஞர் சன்னி ரோலின்ஸ் ஒரு தட்டு பதிவு செய்தார். ‘சாக்ஸஃபோன் கொலாஸஸ்’. டிரம்ஸ் மேக்ஸ் ரோச், பியானோ டாமி ஃப்ளனகன், பேஸ் டக் வாட்கின்ஸ். ரோலின்ஸும் ரோச்சும் அப்போது ட்ரம்பெட் வாசிக்கும் கிளிஃபோர்ட் பிரவுனோடு ஒரே குழுவில் இருந்தவர்கள். பிரவுனும் ரோச்சும் சேர்ந்து நடத்திய குழு அது. நான்கு நாள் கழித்து, 26ஆம் தேதி இரவு, சிகாகோவில் இவர்களோடு சேர்வதற்காக பிரவுன் காரில் கிளம்பினார். கூட பியானோ வாசிக்கும் ரிச்சி பவல், அவர் மனைவி நான்சி. பென்சில்வேனியா டர்ன்பைக் என்ற நெடுஞ்சாலையில் மழை. நான்சி ஓட்டிக்கொண்டிருந்தார். வண்டி சாலையை விட்டு விலகி உருண்டது. மூவருமே போய்விட்டார்கள். பிரவுனுக்கு 25 வயது. அன்று அவருக்குத் திருமண நாள், மனைவிக்குப் பிறந்தநாளும்கூட.

பிரவுன் பெயரில் தட்டுகள் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவர் பதிவு செய்த காலம் மொத்தமே நான்கு வருடம். அதில் ஒரு பகுதி மற்றவர்களின் தட்டுகளில் சிதறிக் கிடக்கிறது. 1954 டிசம்பரில் ஹெலன் மெரில் என்ற பாடகிக்காக, குவின்சி ஜோன்ஸின் இசை ஒழுங்கில் வாசித்தது ஒன்று. ‘யூட் பி ஸோ நைஸ் டு கம் ஹோம் டு’ என்ற பாட்டில், மெரில் கிட்டத்தட்டக் காதோரம் சொல்வதுபோல மெல்லப் பாடிய பிறகு ட்ரம்பெட் உள்ளே வரும். அவசரமில்லை. ஒவ்வொரு சுரத்தையும் வட்டமாக, முழுசாக வைத்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடும். வேகம் கூடும்போதும் ஒரு சுரம்கூட மழுங்காது. போன மழைக்காலத்தில் வீட்டில் இந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது அக்கா மகன் செய்துகொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு வந்து, “மாமா, இந்த ட்ரம்பெட் யாரு வாசிக்கிறது?” என்று கேட்டான். எனக்குத் தெரியும், சொன்னேன். அவன் கையிலிருந்த போனில் தெரியவில்லை. திரையில் பாடகியின் பெயர் மட்டும்தான். நான் பக்கத்தில் இல்லாத எத்தனையோ பிள்ளைகள் அதே கேள்வியோடு அந்தத் திரையைப் பார்த்துவிட்டு அடுத்த பாட்டுக்குப் போயிருப்பார்கள்.

அதே 1954 டிசம்பரில் பிரவுன் வாசித்த சாரா வான் தட்டு, முதலில் வந்தபோது பாடகியின் பெயரை மட்டும்தான் தலைப்பாகக் கொண்டிருந்தது. பிறகு வந்த மறுபதிப்புகளில் ‘கிளிஃபோர்ட் பிரவுனுடன்’ என்று சேர்த்தார்கள். ஆக, காலம் கடந்தும் பெயர் சேர்க்க முடியும்.

டக் வாட்கின்ஸைப் பாதியில் விட்டுவிட்டேன். அந்த ரோலின்ஸ் தட்டில் ‘செயின்ட் தாமஸ்’ என்ற கலிப்ஸோ (கரீபியத் தீவுகளின் பாட்டு வகை) உண்டு, ஜாஸ் வானொலிகளில் ஓயாமல் ஒலிப்பது. அதன் அடியில் ஓடுகிற பேஸ் இவருடையது. 1962 பிப்ரவரி 5 அன்று அரிசோனாவில் ஹோல்புரூக் அருகே கார் விபத்தில் 27 வயதில் இறந்தார். இவர்கள் எல்லாம் ஏன் சாலையில் செத்தார்கள் என்றால், இன்றிரவு ஒரு ஊர், நாளை இரவு நானூறு மைல் தள்ளி இன்னொரு ஊர் என்று காரிலேயே போய்க்கொண்டிருந்தால்தான் சம்பளம். ஸ்டுடியோவில் பக்கவாத்தியத்துக்குக் கிடைத்தது அன்றன்றைய கூலி மட்டும். தட்டு எத்தனை லட்சம் விற்றாலும் அதிலிருந்து பங்கு கிடையாது.

ஸ்காட் லஃபாரோவைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. அவர் விஷயத்தில் ஒரு தயாரிப்பாளர் சரியாக நடந்துகொண்டார் என்பதற்காகவாவது சொல்ல வேண்டும். 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்ட் என்ற நிலவறைக் கிளப்பில் பில் எவன்ஸ் பியானோ, பால் மோஷன் டிரம்ஸ், லஃபாரோ பேஸ். மதியம் இரண்டு, இரவு மூன்று என்று ஐந்து முறை வாசித்ததை ரிவர்சைட் நிறுவனம் பதிவு செய்தது. கண்ணாடிக் கோப்பை உரசுவதும் பின்னால் யாரோ பேசுவதும் அப்படியே விழுந்திருக்கிறது. அந்தச் சத்தத்துக்கு நடுவே லஃபாரோ தாளம் போடுவதையே விட்டுவிட்டு, பியானோ சொல்லி முடிப்பதற்குள் மறுமொழி சொல்கிறார். சில இடத்தில் பியானோவை முந்திப் போய் வழியில் நிற்கிறார். பதினோரு நாள் கழித்து, ஜூலை 6 அன்று, நியூயார்க் மாநிலத்தில் அவர் வளர்ந்த ஜெனிவா என்ற சிற்றூருக்கு அருகில் அவர் ஓட்டிப்போன கார் மரத்தில் மோதி இறந்தார். வயது 25.

தயாரிப்பாளர் ஆரின் கீப்நியூஸும் எவன்ஸும் அதற்கப்புறம் உட்கார்ந்து, முதலில் வெளியிடும் தட்டுக்கு லஃபாரோவின் வாசிப்பு எங்கே நன்றாகத் தெரிகிறதோ அந்தப் பாட்டுகளாகப் பார்த்துப் பொறுக்கினார்கள். தட்டு தொடங்குவதும் முடிவதும் அவர் இயற்றிய பாட்டுகளில். அட்டையிலேயே அவர் பெயரைப் போட்டார்கள். கணினி கிடையாது, தரவுத்தளம் கிடையாது, துக்கத்தில் வேறு இருந்தார்கள். செய்தார்கள். அந்த அட்டைப் படத்தை இன்று நீங்கள் திரையில் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிக் காட்டுகிறீர்கள், எழுத்து கண்ணுக்கே தெரிவதில்லை. கீழே ‘பில் எவன்ஸ்’ என்று மட்டும் போட்டிருக்கிறது.

அதே கோடையில், பத்து நாளுக்கெல்லாம், ஜூலை 16 அன்று ஃபைவ் ஸ்பாட் என்ற இன்னொரு நியூயார்க் கிளப்பில் சாக்ஸஃபோன் கலைஞர் எரிக் டால்ஃபியும் புக்கர் லிட்டிலும் வாசித்தார்கள். லிட்டில் ட்ரம்பெட். சுருதி கலைந்த பியானோ ஒன்று அங்கே. மால் வால்ட்ரன் அதையும் தன் வசத்துக்குக் கொண்டுவந்து வாசித்திருப்பார். ‘பீ வேம்ப்’ லிட்டில் எழுதியது. காதுக்கு முதலில் உறுத்துகிற இரண்டு சுரங்களைப் பக்கத்தில் வைத்து, அதிலேயே ஒரு ஏக்கத்தைக் கொண்டுவருவது அவருக்கு மட்டும் வந்த வித்தை. மூன்று மாதம்கூட ஆகவில்லை, அக்டோபர் 5 அன்று சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். 23 வயது. டால்ஃபி 1964 ஜூனில் மேற்கு பெர்லினில், சர்க்கரை நோய் இருப்பதே அதுவரை தெரியாமல், மயக்க நிலைக்குப் போய் இறந்தார். 36 வயது. தட்டு டால்ஃபி பெயரில் இருப்பதால் டால்ஃபியைத் தேடுகிறவருக்கு அது கிடைக்கும். லிட்டிலைத் தேடுகிறவருக்கு எனக்குத் தெரிந்த செயலிகளில் அவர் தலைமையில் செய்த சில தட்டுகள் மட்டும்தான் வருகின்றன, அந்த இரவு வருவதில்லை.

இவர்களைப் பற்றி ஆங்காங்கே நீங்கள் போடும் வாழ்க்கைக் குறிப்புகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜாஸ், இளவயது மரணம் என்றதும் போதை மருந்து என்று எழுதிவிடுகிற பழக்கம் நெடுநாளாக இருக்கிறது. போதை பலரைக் கொன்றது உண்மைதான். ட்ரம்பெட் கலைஞர் ஃபேட்ஸ் நவாரோ 1950ல் காசநோயும் ஹெராயினும் சேர்ந்து 26 வயதில் போனார். அவரைக் கேட்டு வளர்ந்த பிரவுன் அதைத் தொடவே இல்லை. சுத்தமாக வாழ்ந்துகொண்டே இப்படி வாசிக்க முடியும் என்பதை பிரவுனைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டதாக சன்னி ரோலின்ஸ் சொல்லியிருக்கிறார். டால்ஃபியும் தொட்டதில்லை. மழை, காசநோய், சிறுநீரகம், சர்க்கரை என்று சாவுகள் வந்திருக்கின்றன. எல்லோருக்கும் ஒரே குறிப்பை ஒட்டுவது செத்தவர்களுக்கு அநியாயம். எழுதுவதானால் எப்படி வாசித்தார் என்று எழுதுங்கள்.

செய்யக் கஷ்டமான காரியம் இல்லை இது. 1936லேயே பாரிஸில் சார்ல் தெலோனே என்பவர், எந்தப் பதிவில் யார் யார் வாசித்தார்கள் என்று தொகுத்து ஒரு புத்தகமே போட்டார். அதன் பிறகு எத்தனையோ பேர் வாழ்நாள் முழுக்க அந்த வேலையைத் தொடர்ந்து செய்திருக்கிறார்கள். ப்ளூ நோட், பிரெஸ்டிஜ், ரிவர்சைட் நிறுவனங்களின் தட்டுகளில் பின்னட்டையிலேயே வாத்தியத்தோடு பெயர்கள் அச்சாகியிருக்கின்றன. உரிமையாளர்களான உங்கள் கிடங்கில் அந்த அட்டைகள் இருக்கின்றன. பாட்டை எண்மமாக மாற்றியபோது பின்னட்டையை விட்டுவிட்டீர்கள். எங்கள் ஊர்க் கச்சேரி அழைப்பிதழில் பாடகர் எத்தனை பெரிய வித்வானாக இருந்தாலும் கீழே வயலின், மிருதங்கம், கடம் என்று வரிசையாகப் பெயர் இருக்கும். ஒரு சபாவின் காரியதரிசி அச்சகத்தில் நின்று செய்கிற வேலை அது.

பெயரைப் போடும்போது ஆளையும் சரியாகப் பாருங்கள். கார்ல் பெர்கின்ஸ் என்று ஒரு ஜாஸ் பியானோ கலைஞர் இருந்தார். போலியோவில் பாதித்த இடது கையைக் கட்டைகளுக்கு இணையாகக் கிடத்தி வைத்து, முழங்கையாலும் அடிச்சுரங்களைத் தொட்டு வாசித்தவர். 1958ல் லாஸ் ஏஞ்சல்ஸில் 29 வயதில் இறந்தார். அதே பெயரில் ராக் அண்ட் ரோல் பாடகர் ஒருவர் மிகப் பிரபலம். நான் கேட்கும் செயலியில் பியானோக்காரரின் பாட்டைத் தொட்டால் பாடகரின் புகைப்படம் வருகிறது. கலைஞர்களைப் பிரித்தறிய ஐ.எஸ்.என்.ஐ. என்ற பதினாறு இலக்க எண் உலக அளவில் புழக்கத்தில் இருக்கிறது. அதைச் சேர்த்தாலே போதும். அப்படியே பதிவான வருடத்தையும் திருத்துங்கள். 1956ல் வாசித்தது என்றால் 1956 என்று இருக்கட்டும், நீங்கள் மறுபடி வெளியிட்ட வருடம் எங்களுக்கு எதற்கு?

பணத்தைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. அமெரிக்கச் சட்டப்படி இணைய வானொலி, செயற்கைக்கோள் வானொலி ஒலிபரப்புக்கு வரும் தொகையில் 50 சதவீதம் உரிமையாளருக்கு, 45 சதவீதம் முன்னணிக் கலைஞருக்கு, 5 சதவீதம் பக்கவாத்தியக்காரர்களுக்கும் பின்னணிக் குரல்களுக்கும். கேட்பவர் தானே பாட்டைத் தேர்ந்தெடுக்கும் செயலிகளுக்கு அந்த 5 சதவீதக் கட்டாயமும் இல்லை. செத்துப்போன இருபத்து மூன்று வயதுக்காரருக்கும் உறவென்று யாராவது இருப்பார்கள். யார் வாசித்தது என்ற பதிவே இல்லையென்றால் அவர்களுக்கு எதைக் காட்டிப் பங்கு கேட்க முடியும்?

முதலில் 1970க்கு முந்தைய ஜாஸ் பதிவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டின் பக்கத்திலேயே வாசித்த எல்லோருடைய பெயரும் வாத்தியமும் தெரியட்டும். ஒரு பெயரைத் தொட்டால் அவர் யார் யார் தட்டில் வாசித்தாரோ அத்தனையும் பதிவான தேதி வரிசையில் வரட்டும். பட்டியலைச் சரிபார்க்க ஆள் வேண்டுமென்றால் பல ஊர்களில் என்னைப் போன்றவர்கள் இருக்கிறோம், சம்பளமே வேண்டாம், பின்னட்டைகளை அனுப்புங்கள். எந்த மாதம் தொடங்குகிறீர்கள் என்று மட்டும் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர்களில் ஒருவன்